குகைத் தெருவில் வண்டியேறி வந்த சாமிகள்

ஆடி பிறந்தால் சேலத்துக்காரர்களுக்கு வெளியூரில் இருப்புக் கொள்ளாது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியாயிற்று என்று வீட்டிலிருந்து போன் வந்தால் போதும், டிக்கெட் போட்டுவிடுவோம். அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் இருந்தாலும், கோட்டை ஆத்தாதான் எல்லோருக்கும் மூத்தவள். பொங்கல் வைக்கும் புதன்கிழமை மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

அன்று காலை கோட்டையில் கூட்டம் நெரித்தது. அம்மா உப்பும் மிளகும் கொட்டிவிட்டு மாவிளக்கு எடுத்தார். நல்ல தரிசனம். ஆனால் நான் ஊருக்கு வந்ததே மறுநாள் இரவுக்காகத்தான்.

குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கை நூறு ஆண்டுகளைத் தாண்டியது. அந்தக் காலத்தில் மாட்டுவண்டிகள். இப்போது லாரியும் டிராக்டரும். மேலே கயிலாயமோ பாற்கடலோ ஜோடித்து, சீரியல் பல்பு சுற்றி, பின்னால் ஜெனரேட்டர் உறும வரிசையாக வரும். சிவன், பார்வதி, முருகன், நரசிம்மர் எல்லோருமே உயிருள்ள மனிதர்கள். சிலை கிடையாது. நல்ல வண்டிக்குப் பரிசும் உண்டு, அதனால் தெருவுக்குத் தெரு போட்டி. என்ன வேஷம் என்பதைக் கடைசிவரை மூச்சுவிட மாட்டார்கள்!

வண்டிகள் கிளம்பும் முன்பே போய் ஒரு சந்தில் நின்றுகொண்டேன். சிவனாகப் போகிறவர் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி. உடம்பெல்லாம் நீலம் பூசி, ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதட்டுச் சாயம் கலையாமல் இருக்க அவர் மனைவி ஸ்ட்ராவில் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். “கை வலிக்காதாண்ணா?” என்றேன். “விரதமிருந்து கட்டற வேஷம் தம்பி. வண்டி ஏறுற வரைக்கும்தான் வலி தெரியும்” என்றார். ஜடாமுடியில் பாம்பைக் குத்திக்கொண்டிருந்த பையன் சென்னையில் ஐடி வேலை பார்க்கிறவனாம். லீவு கிடைக்காமல் சண்டை போட்டு வந்திருக்கிறான்.

வண்டி தெருமுனை திரும்பியபோது, பக்கத்தில் நின்ற பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நம்ம பக்கத்து வூட்டுக்காரர்தான் கண்ணு. ஆனா இன்னைக்கு அவரு சாமி” என்று எனக்கே விளக்கினார். தினமும் தண்ணீர்க் குழாயடியில் பார்க்கிற ஆளை ஓர் இரவு கையெடுத்துக் கும்பிடத் தெரிந்த தெரு இது. தனியாக இருக்கும் பாட்டிக்கு அன்று எத்தனை பேர் “சாப்பிட்டியா ஆயா?” என்று கேட்டுப் போனார்கள்! மன அமைதிக்குத் தியான வகுப்பு தேடி அலைகிற என் நண்பர்களை ஒருமுறை இங்கே நிறுத்தி வைக்கலாம் என்று தோன்றியது. காது மட்டும் கொஞ்சம் அடைக்கும், அந்த ஜெனரேட்டர்களால்.

நடுவில் பசித்தது. தள்ளுவண்டியில் தட்டுவடை செட், பீட்ரூட் கேரட் துருவலோடு. அதைச் சொல்லாமல் சேலத்துப் பயணக் கட்டுரையை முடித்தால் ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

கடைசி வண்டி போய் முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. வேஷம் கலைக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் வாசம். சிவன் துண்டால் நீலத்தைத் துடைத்துக்கொண்டே, பரிசு கைநழுவிய கோபத்தில் இருந்த பையன்களோடு அடுத்த ஆடிக்கு மீனாட்சி கல்யாணமா, தசாவதாரமா என்று வாதாடிக்கொண்டிருந்தார். பத்து அவதாரத்துக்கு ஒரு வண்டி போதாது என்பதுதான் பிரச்சினை.