கரி கழுவிய வீடு: எசன் நகர நாட்குறிப்பு

8 செப்டம்பர் 2023, வெள்ளி

ஜெர்மனியின் எசன் நகர மத்திய ரயில் நிலையத்தில் 107ஆம் எண் டிராமில் ஏறி, நானும் தம்பியும் சோல்ஃபெரைன் நிறுத்தத்தில் இறங்கினோம். தெருவைக் கடக்கும் முன்பே 55 மீட்டர் உயரச் சுரங்கக் கோபுரம் கண்ணில் பட்டுவிடுகிறது. ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த, சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தின் இந்தப் பன்னிரண்டாம் குழி 1932இல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரி இதன் வழியே மேலே வந்தது. 1986 டிசம்பர் 23 அன்று சுரங்கத்தை மூடினார்கள். இடித்துப் பழைய இரும்பாக விற்றிருக்கலாம். மாநில அரசு இடத்தை வாங்கிக் காப்பாற்றியதால்தான் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது இடம்பெற்றது.

எங்களுக்கு வழிகாட்டியவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளர். இங்குள்ள வழக்கப்படி "கிளுக் ஔஃப்" என்று வரவேற்றார். குழிக்குள் இறங்குபவர் நலமாக மேலே வர வேண்டும் என்ற பொருளில் சுரங்கத்தார் சொல்லும் வணக்கம் அது. கரி கழுவும் ஆலைதான் இப்போது, இந்த ரூர் ஆற்றுப் பகுதியின் வரலாற்றைச் சொல்லும் ரூர் அருங்காட்சியகம். வெளியிலிருந்து 58 மீட்டர் நீளமுள்ள நகரும் படிக்கட்டு நம்மை 24 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து, உலையில் காய்ந்த இரும்பின் நிறத்தில் ஒளிரும் படிகளில் ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க வேண்டும். கரியும் இப்படித்தான் முதலில் உச்சிக்குப் போய், பிறகு தன் எடையாலேயே இயந்திரம் இயந்திரமாகக் கீழே விழுந்ததாம். பார்வையாளரைக் கரி போன வழியிலேயே நடக்க வைத்த இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். வழிகாட்டி ஒரு சரிவுப் பள்ளத்தின் விளிம்பைத் தடவிக் காட்டினார். கரி உராய்ந்து உராய்ந்து தகடு கத்தி முனைபோலத் தேய்ந்திருந்தது.

கொதிகலன் கூடத்தை 1997இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைப்பு அருங்காட்சியகமாக மாற்றினார். காட்சிக்கு வைத்த நாற்காலிகளையும் விளக்குகளையும்விட, அவற்றின் பின்னால் துருவோடு நிற்கும் கொதிகலனிடமே என் மனம் நின்றது. அடுத்து, நிலக்கரியைச் சுட்டுக் கல்கரியாக (கோக்) மாற்றிய ஆலை: 304 அடுப்புகள் நெடுஞ்சுவராக நிற்க, அதன் காலடியில் நீண்ட நீர்த்தொட்டி. குளிர்காலத்தில் அது பனிச்சறுக்குத் தளமாகிவிடும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் நீந்துவதற்கு, இரண்டு சரக்குப் பெட்டகங்களை இணைத்துச் செய்த சிறு நீச்சல் குளமும் பக்கத்திலேயே உண்டு. எசனுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்பவர்கள் அந்த நாள் முழுவதையும் இங்கேயே கழிக்கட்டும்.

9 செப்டம்பர், சனி

காலையில் மார்கரெத்தனஹேயே குடியிருப்பு. 1906இல், எஃகு ஆலை அதிபர்களான குருப் குடும்பத்து மார்கரெத்தே அம்மையாரின் அறக்கட்டளையால் தொடங்கப்பட்டது. கொடி படர்ந்த சிறு வீடுகள், வளைந்த தெருக்கள், வாசல்தோறும் தோட்டம். இப்போதும் மக்கள் வாழும் இடமாதலால் குரலைத் தாழ்த்தி நடந்தோம்.

மாலையில் மீண்டும் சோல்ஃபெரைன். தொழிலாளர்கள் உடை மாற்றிக் குளித்த கூடம் இன்று நடன அரங்கு. உள்ளே வெள்ளை ஓடு பதித்த சுவரில் சோப்பு வைக்கும் குழிகள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு ஷிப்டு முழுக்கக் கரி அப்பிய கைகள் முதலில் தேடிய இடம் அது என்ற எண்ணத்தில், நிகழ்ச்சி தொடங்கி வெகுநேரமாகியும் மேடையில் கவனம் செல்லவில்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

நல்ல வெயில். எஸ்6 ரயிலில் ஹ்யூகல் சென்று, குருப் குடும்பத்தின் 269 அறை மாளிகையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பால்டனே ஏரிக்கு இறங்கினோம். ஆற்று நீரின் கசடு படிவதற்காக 1930களில் ரூர் ஆற்றின் குறுக்கே அணை கட்டி உருவாக்கிய ஏரி இது. 1971 முதல் தடை செய்யப்பட்டிருந்த ஆற்றுக் குளியலை 2017இல் இங்கே மீண்டும் அனுமதித்தார்கள். நீரின் தரத்தைக் கணித்து அன்றன்றைக்கு அனுமதி தருகிறார்கள்; பலத்த மழை பெய்தால் தடை.

நகரின் வடக்கே ஓடும் எம்ஷர் ஆற்றின் கதை இன்னும் கடினமானது. சுரங்கத்தால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் போடும் குழாய்கள் உடைந்துவிடும் என்று, அந்த ஆற்றையே கான்கிரீட் கரை கட்டித் திறந்த சாக்கடையாக்கினார்கள். சுரங்கங்கள் விலகிய பிறகு, 1992இல் தொடங்கிய பணி 2021 இறுதியில் அதைக் கழிவுநீரிலிருந்து விடுவித்தது. தாழ்ந்த நிலமோ உயரப்போவதில்லை. கரி எடுப்பது நின்ற பின்னும் இப்பகுதியில் பம்புகள் ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டிருக்கின்றன. நிறுத்தினால் பல குடியிருப்புகள் நீரில் மூழ்கும்.

குளிக்கலாம் என்று கரையில் அறிவித்திருந்தார்கள். தம்பியிடம் கைப்பேசியையும் கண்ணாடியையும் கொடுத்துவிட்டு இறங்கினேன். முழங்கால் அளவில் குளிர் சுரீரென்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கி எழுந்தேன்.