கம்ப்ரசரை மாற்றச் சொன்னார்கள்

கிண்டியிலிருந்து தாம்பரம் செல்லும் வழியில், மே மாத வெயிலில் காரின் ஏசி திடீரென வெப்பக் காற்றை வீசத் தொடங்கியது. பணிமனையிலோ, குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல் பல்லாவரத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு சென்றேன். பானெட்டைத் திறந்து ஏசியைப் போட்டபோது, பெல்ட்டோடு கம்ப்ரசரின் புல்லி (சக்கரம்) சுழன்றுகொண்டிருக்க, அதனோடு ஒட்டிக்கொண்டு கம்ப்ரசரைச் சுழற்ற வேண்டிய கிளட்ச் தட்டு மட்டும் அதன் முன்னே அசையாமல் நின்றது. கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச்சே கம்ப்ரசரை ஓடவிடாது என்பதால், அண்ணன் முதலில் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார். அழுத்தம் சரியாகவே இருந்தது. ஆனால் காந்தமாகித் தட்டை இழுக்கும் கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் வந்து சேரவில்லை. அதற்கு மின்சாரம் விடும் சுவிட்ச்சான ரிலேயைக் கழற்றினால், அதன் ஒரு உலோகக் கால் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. இதைப் பார்க்காமலே அத்தனை பெரிய செலவைச் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம். புது ரிலேயைச் செருகியதும் ‘டக்’கென்று தட்டு ஒட்டிக்கொண்டது; சற்று நேரத்தில் குளிர்காற்று வந்தது.