ஏற்காடு ஏற்றத்தில் இவோ பார்த்த ஞாயிற்றுக்கிழமை

நேற்று ராத்திரி கரூர் வந்து சேரும்போது மணி பதினொன்று. உடம்பெல்லாம் அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை. மிட்சுபிஷி லான்சர் இவோ எக்ஸை, அதாவது லான்சர் காரின் அதிவேக வகையான இவோவில் பத்தாவதை, நேரில் பார்த்துவிட்டேன். அதுவும் ஏற்காடு மலைப்பாதையில், ஒரு கை தூரத்தில்.

"ஜப்பான் கார் பார்க்க யாராவது சேலம் போவாங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குச் சேலம்தான் சரியான ஊர். கோவையிலிருந்து பெங்களூர் போகும் கார்கள் பெரும்பாலும் சேலத்தைத் தொட்டுத்தான் போகின்றன. கோவையில் கார் பந்தயம் ஊறிப்போன விஷயம். செட்டிப்பாளையத்தில் 2003-லேயே கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய டிராக் வந்துவிட்டது. பெங்களூரில் காசுக்கும் காருக்கும் குறைவில்லை. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் நடுவில், சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு நிற்கிறது.

முதலில் கடுப்பைக் கொட்டிவிடுகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து அடிவாரம் சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 400 கேட்டு, பேசிப் பேசி 350-க்கு வந்தார். பாதி வழியில், "திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது, இன்னும் ஐம்பது போட்டுக் கொடுங்க" என்றார். கொடுக்கவில்லை. ஆனாலும் என் மொத்த பட்ஜெட் 1,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடியும் முன்பே காலி. பொறுமையாக நின்று ஏற்காடு பஸ்ஸையே பிடியுங்கள்.

அடிவாரத்து டீக்கடை முன்னால் ஒரு சிவப்புக் கார். பின்னால் பெரிய விங், போனட்டில் காற்றுத் துளைகள். இவோ ஒன்பதா! நெஞ்சு படபடத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர் தட்டையாக இருந்தது. நிஜ இவோவுக்கு அந்த இடம் அகலமாகப் புடைத்திருக்கும். டீ கிளாஸோடு வந்த அண்ணன் சிரித்தார்.

"இவோன்னு நெனச்சீங்களா தம்பி? சீடியாதான். பம்பரும் போனட்டும் மட்டும் மாத்தினது."

ஏமாற்றமே இல்லை. லான்சரின் சாதாரண வகையான சீடியாவும் இவோ ஏழு, எட்டு, ஒன்பதும் ஒரே குடும்பத்து உடம்பு. சீடியாவுக்கு 2 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன். அதைவிடப் பெருமை, லான்சர் 1998 முதல் நம்ம திருவள்ளூரில்தான் தயாரானது. அண்ணன் முதலில் ஓட்டியதும் அந்த லான்சரைத்தானாம். இப்போது உதிரி பாகத்துக்குப் பழைய வண்டி உடைக்கிற கடை கடையாக அலைகிறார். ஒரு ஹெட்லைட்டுக்காக நாலு மாதம் காத்திருந்தாராம். கம்பெனி கைவிட்ட காரை இப்படி வைத்துக் காப்பாற்றுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

"மேலதானே? ஏறுங்க" என்றார். ஏறிவிட்டேன்!

வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர், மூன்றாவது கியர், மறுபடி இரண்டு. ஏறிக்கொண்டே பாடம் நடத்தினார். உயரம் கூடக் கூடக் காற்று மெலிசாகும், டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கும். ஏற்காடு இருக்கிற 1,500 மீட்டர் உயரத்தில் சக்தியில் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விடும். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

அதை அவர் சொல்லி முடிக்கவில்லை, பதின்மூன்றாவது வளைவு தாண்டியதும் கண்ணாடியில் ஒரு வெள்ளை மூக்கு. சுறா மாதிரி வாய். அண்ணன் ஓரம் கட்டிக் கையைக் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் இழுவை, 2 லிட்டர் டர்போ. 2007-ல் வந்து 2016-ல் நின்றுபோன கடைசி இவோ, அதுதான் எக்ஸ். கர்நாடகா பதிவெண். எங்களைத் தாண்டும்போது ஒரு 'ஸ்ஸ்ஸ்', டர்போவின் மூச்சு. அடுத்த வளைவில் உடம்பு சாயவே இல்லை, ரோட்டில் ஒட்டினாற்போல் திரும்பிப் போய்விட்டது. முந்திப் போனது மொத்தம் எட்டு செகண்ட் இருக்குமா? போட்டோ எடுக்கத் தோன்றவே இல்லை.

அந்த டிரைவர் எங்கள் பின்னால் இரண்டு வளைவு பொறுமையாக வந்தார், ஒரு ஹாரன் அடிக்கவில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு பஸ்ஸையும் பைக்கையும் வளைவிலேயே முந்துகிற கூட்டத்தை அன்றைக்கே மூன்று முறை பார்த்தேன். அவர்கள் இந்த ரோட்டுக்கு வரவே கூடாது. வேகம் வேண்டுமென்றால் செட்டிப்பாளையம் டிராக் இருக்கிறது.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, மலைக்காட்சி பார்க்கிற பகோடா பாயிண்ட், வழக்கம்போல் கூட்டம். அப்புறம் ஒண்டிக்கடை பக்கம் ஒரு பழைய ஹோண்டா சிட்டி விடெக் நின்றது. 2000-ல் வந்த 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், எடை குறைந்த வண்டி. பெயிண்ட்டில் ஒரு கீறல் இல்லை. பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இறங்கும்போது பஸ். நின்றுகொண்டேதான் வந்தேன், பிரேக் கருகும் வாசனை வேறு. சேலத்தில் தட்டு வடை செட் இரண்டு தட்டு சாப்பிட்டேன், பீட்ரூட்டும் புளிப்புச் சட்னியுமாக அமிர்தம். கையில் 210 ரூபாய் மிச்சம். அண்ணன் பெட்ரோலுக்கு ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த மாதம் அவர் வண்டிக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ் மாற்றுகிறாராம். உதவிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.