லைசென்ஸ் அட்டையும் தபால்கார அண்ணையும்

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு எழுத்துப் பரீட்சை, மெடிக்கல், ட்ரயல் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதைப்பற்றி எழுத ஒன்றும் இல்லை. அட்டை வீடு வந்து சேர்ந்த விதம்தான் என்னை நோகடித்தது.

கையில் இருந்த தற்காலிக அனுமதிப்பத்திரம் ஆகஸ்ட் கடைசியோடு காலாவதியாகிறது. அதற்குப் பிறகு ஏ9 வீதியில் மறித்தால் கதை கந்தல். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று பஸ் ஏறி லைசென்ஸ் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் போனிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "தபாலில போட்டாச்சு." எப்போது? "போட்டாச்சு எண்டால் போட்டாச்சுதானே." பதிவுத் தபால் இலக்கத்தையாவது தாருங்கள் என்றேன். அதெல்லாம் கொழும்பில் இருக்குமாம். கொழும்பில் யாரிடம் கேட்பது என்றதற்குப் பதிலே இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இதற்குள் தபால் பணிப்புறக்கணிப்பு. 2025 ஆகஸ்ட் 17 பின்னேரம் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் தொடங்கி, அன்றிரவே நாடு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் உப தபாலகம் ஒரு வாடகை வீட்டின் முன் அறைதான். அதுவும் பூட்டு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர், "விரல் வைக்கிறதுக்குப் பயந்து ஸ்ரைக் அடிக்கிறாங்கள்" என்று சிரித்தார். அட்டைக்காக அலைந்துகொண்டிருந்த எனக்கும் எரிச்சல்தான், ஆனாலும் அந்தக் கதை சரியாகப் படவில்லை. தபால் ஊழியர்கள் வைத்த கோரிக்கைகள் 19. வெளியில் அடிபட்டது வேலைக்கு வந்ததைப் பதியும் கைவிரல் அடையாள இயந்திரமும் ஓவர்டைமும் மட்டும்தான். ஆள் வெற்றிடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்டதை யாரும் கதைக்கவே இல்லை. 2018 ஜூனிலும் இவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வேலை நிறுத்தியவர்கள். அப்போதும் சம்பள முரண்பாடு, ஆட்சேர்ப்பு என்றுதான் கேட்டார்கள்.

24ஆம் திகதி வேலைநிறுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. தேங்கிய தபால் எல்லாம் ஒரேயடியாக வந்து இறங்கும். உரிய ஆளைப் பிடிக்க முடியாத பதிவுத் தபால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

உப தபாலதிபர் அக்காவிடம் போனேன். மேசையிலும் நிலத்திலும் கடிதக் கட்டுகள். "தம்பி, தபால் அண்ணை வரட்டும், உங்கட பக்கத்தை அவர்தான் பிரிக்கிறவர்." அவர் பத்து மணிக்கு மேல்தான் வந்தார், சோளகக் காற்றில் அடித்த கிரவல் புழுதியோடு. பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லாததால் அதையும் இவர்தான் பார்க்கிறாராம். இங்கே இரண்டு பிரிவு என்றால் பட்டணத்தில் இரண்டு தெரு மாதிரி இல்லை. குளக்கட்டைத் தாண்டி, வயலைச் சுற்றி, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பாதிக் காடு. இதைச் செய்கிற மனிசன் மேலதிக நேரத்துக்குக் காசு கேட்டால் என்ன பிழை? விரல் பதிவு வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, வைக்கட்டும். வைத்துவிட்டு ஆளையும் போடட்டும்.

கட்டை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டே போனவர் ஒரு உறையை வெளியே எடுத்தார். விலாசம் இங்கிலீசில் கொம்பியூட்டரில் அடித்தது. எங்கள் குடியிருப்புப் பிரிவான "5ஆம் யூனிற்" வரை ஒழுங்காக இருந்தது, வீதியின் பெயர் நாலு எழுத்தோடு வெட்டுப்பட்டு நின்றது. விண்ணப்பத்தில் முழுதாக எழுதிக் கொடுத்தது எனக்கு நல்ல ஞாபகம். அதே யூனிற்றில் என் பெயரிலேயே இன்னொருவர் இருக்கிறார், முதலெழுத்து மட்டும்தான் வேறு. "இது உங்கட அப்பான்ர எழுத்துத்தானே? மற்றவருக்கு கே வரவேணும்" என்றார் அண்ணை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, புத்தகத்தில் கையெழுத்து வைப்பித்த பிறகுதான் தந்தார். தெரிந்த ஆள் என்று அதை விடவில்லை.

ஓவர்டைம் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டேன். "பேச்சுவார்த்தை எண்டு சொல்லித்தான் வேலைக்கு வந்தனாங்கள், பாப்பம்" என்றபடி அடுத்த கட்டை அவிழ்த்தார். 2022இல் சாதாரணக் கடிதத்துக்கு முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாய் ஆனது. அந்தக் கூடின காசு எங்கே போகிறதென்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு, அவருக்கு எங்களைவிடக் கூட.

இனி விண்ணப்பிப்பவர்களுக்கு: விலாசத்தைச் சுருக்கி எழுதுங்கள், யூனிற்றும் வீதியும் முதல் வரியிலேயே வரட்டும். அட்டை அனுப்பியாயிற்று என்றால் பதிவு இலக்கம் இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அப்புறம், தற்காலிகத்தின் திகதி முடிய முன்னரே நீடிப்புக்குப் போய்விடுங்கள். தபால் அண்ணை எந்த நேரம் உங்கள் பக்கம் வருவார் என்றும் கேட்டு வையுங்கள். வீட்டில் ஆள் இல்லாமல் அவரை அந்தப் புழுதியில் இன்னொருக்கா வரவைக்க வேண்டாம்.