ரிசல்ட்டுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவில்

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் முதுகலை ஆசிரியை. 2022 மார்ச் 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு மேற்படிப்பும் வேலையும் பற்றி வழிகாட்டும் 'நான் முதல்வன்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியதற்குப் பிறகு, எங்கள் பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டல் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார். அந்த வேலையை எப்படிச் செய்துகொண்டு வருகிறேன் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வழிகாட்டல் என்றதும் பலர் மனதில் வருவது ஒரு மேடை, ஒரு மைக், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேச்சாளர். எங்கள் பள்ளியிலும் அப்படி நடந்திருக்கிறது. பிள்ளைகள் நன்றாகக் கைதட்டுவார்கள். மறுநாள் வகுப்பில் "என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டால் பழைய பதில்தான்: டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ். அவர்களுக்குத் தெரிந்த வேலைகள் அவ்வளவுதான். இந்த எண்ணத்தை மாற்றியவர்கள் எங்கள் பழைய மாணவர்கள். பாலிடெக்னிக் முடித்து ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் பையனும், அரசுக் கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பெண்ணும் வந்து ஒரு பீரியட் உட்கார்ந்து பேசினார்கள். ஹாஸ்டலில் அழுதது, முதல் செமஸ்டரில் ஆங்கிலம் புரியாமல் திணறியது, பஸ் பாஸ் வாங்கியது என்று எல்லாம் சொன்னார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெரிய பேச்சாளருக்காகச் செலவழிக்கும் நேரத்தைப் பழைய மாணவர்களைத் தேடிப் பிடிக்கச் செலவிடலாம் என்பது என் கருத்து.

பொறுப்பேற்றதும் நான் முதலில் கையில் எடுத்தது முந்தைய ஆண்டு +2 முடித்தவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாக போன் செய்தேன். பாஸ் ஆன பிள்ளைகள், அதிலும் நல்ல மார்க் வாங்கிய சிலர்கூட, எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. ஒரு பையன் பனியன் கம்பெனியில் இருந்தான், இன்னொருவன் செல்போன் கடையில். ஒரு பெண் வீட்டிலேயே இருந்தாள். ஏன் சேரவில்லை என்று கேட்டபோது, படிக்க ஆசையில்லை என்று யாருமே சொல்லவில்லை. வருமானச் சான்றிதழ் வரத் தாமதமாகிவிட்டது, கடைசித் தேதி தெரியவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது கவுன்சலிங் முடிந்துவிட்டது, கல்லூரி தூரம் என்று அப்பா வேண்டாம் என்றார். இவ்வளவுதான் காரணங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள வாரங்களில்தான் இந்தப் பிள்ளைகள் நம் கையை விட்டு நழுவுகிறார்கள். பள்ளிக்கோ அது கோடை விடுமுறை. ஆகவே அந்த வாரங்களைக் குறிவைத்து ஆண்டு முழுவதும் வேலை செய்வது என்று முடிவெடுத்தோம்.

முதலில் சான்றிதழ்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் தலைமுறை பட்டதாரி என்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் மே மாதத்தில் ஊரே ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும்போது தாமதம் ஆகத்தான் செய்யும். அதனால் நாங்கள் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறோம். முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாத்தா பாட்டி முதல் உடன்பிறந்தவர்கள் வரை எல்லோருடைய படிப்பு விவரமும் வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் கவுன்சலிங் மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை தரும் சான்றிதழ் அது. அந்த விவரங்களைக் கடைசி வாரத்தில் சேகரிக்க முடியாது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது, மத்திய அரசு ஏற்கும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும். இது பல பெற்றோருக்குத் தெரியாது. பல ஆசிரியர்களுக்கும் தெரியாது.

பெயர்ப் பொருத்தத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் ஆகிய அரசுத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழ ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும். குடும்பத்தில் அந்த ஆயிரம் ரூபாயை நம்பி ஒரு பெண்ணின் பஸ் செலவு இருக்கிறது என்றால், ஓர் எழுத்துப் பிழை எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். எங்கள் கணினி ஆசிரியர் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தத் தாளில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்தார். அந்த நோட்டுதான் இன்றுவரை எங்களுக்குப் பெரிய துணை.

அப்புறம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்ற விதி. மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021-இலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இந்த அடிப்படையில்தான். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஆனால் இடையில் ஒரு வருடம் அத்தை வீட்டில் தங்கி உதவி பெறும் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி எங்களிடம் இருந்தாள். அவள் தகுதி பெறமாட்டாள் என்று +1-இலேயே பார்த்துச் சொன்னதால் அவள் குடும்பம் வேறு வழிகளுக்குத் தயாரானது. இதே செய்தி ஜூன் மாதத்தில் தெரிந்திருந்தால் அந்தப் பெண் உடைந்துபோயிருப்பாள். யார் யார் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு படித்தார்கள் என்ற விவரத்தை +1 சேர்க்கையின்போதே வாங்கிவிடுங்கள்.

எங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாதிரிக் கவுன்சலிங். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வைப்போம். அறிவியல் பிரிவு மாணவர்கள் அரையாண்டு மார்க்கை வைத்துக் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். கணிதம் 100, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகக் குறைத்து மொத்தம் 200. பிறகு கரும்பலகையில் சில கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் இடங்களின் எண்ணிக்கையோடு எழுதுவோம். ஒவ்வொருவரும் தனித் தாளில் விருப்பங்களை வரிசையாக எழுதித் தர வேண்டும். நான் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து இடம் ஒதுக்குவேன்.

முதல் முறை செய்தபோது ஒரு பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியது எலக்ட்ரிக்கல். ஆனால் நண்பர்கள் பேச்சைக் கேட்டுப் பெயர் பெற்ற ஒரு கல்லூரியின் வேறு பிரிவை முதலில் எழுதியிருந்தான். கிடைத்துவிட்டது! மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே எழுதியவை எல்லாம் போய்விடும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "டீச்சர், மாத்தி எழுதுறேன்" என்றான். "இப்ப மாத்தலாம்பா, அதுக்குத்தானே இத வச்சிருக்கோம்" என்றேன். வரிசை என்பது ஆசையின் வரிசை, மற்றவர்கள் மதிக்கும் வரிசை கிடையாது. இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாது. ஒருமுறை தாளில் எழுதி இழந்து பார்த்தால் ஏறிவிடும். கிடைத்த இடத்தை உறுதி செய்வதா, ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே எழுதிய இடம் கிடைக்குமா என்று காத்திருப்பதா என்ற முடிவையும் அங்கேயே பழக்குகிறோம். உண்மையான கவுன்சலிங்கில் அதற்கு அவகாசம் குறைவு. அன்றைக்கு அப்பா வேலைக்குப் போயிருப்பார், போனில் சார்ஜ் இருக்காது.

வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளை இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் ஓரமாக உட்கார வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. என் பாடம் வணிகவியல் என்பதால் இது எனக்கு உறுத்தும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவு மாணவரும் போகலாம். வடிவமைப்புப் படிப்புகளுக்கும் அப்படித்தான். சி.ஏ. படிக்க +2 முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இன, பழங்குடியின மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இதைச் சொன்னபோது ஒரு மாணவியின் அம்மா, ஃபாரம் வாங்கவே ஆயிரக்கணக்கில் ஆகும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். அவரிடம் யாரோ ஒரு தரகர், ஒரு தனியார் கல்லூரியில் சீட் வாங்கித் தருவதாக முன்பணம் கேட்டிருந்தாராம். ரிசல்ட் வருவதற்கு முன்பே இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நாம் அவர்களுக்கு முன்னால் போக வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தை நாங்கள் மாலையில்தான் வைக்கிறோம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசுவதில்லை. எந்தக் கல்லூரி எவ்வளவு தூரம், எந்த பஸ், பெண்கள் விடுதி உண்டா, என்ன செலவு, எந்த உதவித்தொகை வரும் என்று மட்டும் பேசுகிறோம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் இன, பழங்குடியினப் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை உண்டு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

"டீச்சர், எங்க வீட்டுல யாரும் காலேஜ் வாசல மிதிச்சதில்ல. இவ போயி அங்க என்ன பண்ணுவா?" என்று ஓர் அம்மா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மாணவர்களைக் கல்லூரி பார்க்க அழைத்துப் போகும் களப்பயணம் முடிந்த அடுத்த வாரம், அந்த அம்மாவையும் இன்னும் சில தாய்மார்களையும் அதே அரசுக் கல்லூரிக்கு நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா நூலகத்தைப் பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், பெண்கள் ஓய்வறையைப் பார்த்தார், வாசலில் இருந்த பாதுகாவலரிடம் மாலை எத்தனை மணிக்குப் பிள்ளைகள் வெளியே போவார்கள் என்று கேட்டார். திரும்பி வரும்போது, "சரி டீச்சர், போகட்டும்" என்றார். அவர் மகள் இப்போது அங்கே பி.காம். படிக்கிறாள்.

ரிசல்ட் நாளன்று பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேப் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அங்கேயே விண்ணப்பம் போடலாம். ஸ்கேனர் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். அன்றைக்கு நான் முதலில் போன் செய்வது தேர்ச்சி பெறாதவர்களுக்குத்தான். அவர்கள் பள்ளிப் பக்கம் வரமாட்டார்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. வெட்கத்தில் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தேதி போய்ச் சேராது. துணைத் தேர்வில் பாஸ் ஆகி அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் எங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். அதன் பிறகும் எங்கும் சேராதவர்களுக்குக் வருவாய்க் கோட்ட அளவில் நடக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம் இருக்கிறது. கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், ஐ.டி.ஐ.க்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து அங்கேயே சேர்த்துக்கொள்கின்றன. கடந்த முறை நாங்கள் ஒரு வேன் பிடித்து, சேராத எல்லோரையும் அழைத்துப் போனோம்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆகியவற்றைக் கடைசிப் புகலிடமாகப் பேசுவதை நிறுத்துங்கள் என்று சக ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். +2 முடித்த மாணவர் தகுதியான பாடங்கள் இருந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளையை வலுக்கட்டாயமாகப் பட்டப்படிப்பில் தள்ளினால் முதல் வருடத்திலேயே நின்றுவிடுகிறான். கல்லூரியில் சேர்ந்தார்களா என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், தீபாவளி விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒருமுறை கூப்பிட்டுப் பேசுகிறோம். நிற்கப் போகிற பிள்ளை அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அப்போது அந்தக் கல்லூரியின் பேராசிரியரிடம் ஒரு போன், வீட்டில் ஒரு பேச்சு.

இப்போது வேலை பத்தாம் வகுப்புக்கு இறங்கியிருக்கிறது. +1-இல் எந்தப் பிரிவு என்பதைப் பெரும்பாலும் மார்க்கும் நண்பர்களும் தீர்மானிக்கிறார்கள். கணிதம் இல்லாத பிரிவை எடுத்தால் பொறியியல் ஏறக்குறைய மூடிவிடும், உயிரியல் இல்லையென்றால் மருத்துவம் சார்ந்த படிப்புகள் மூடிவிடும் என்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் எந்தெந்தப் படிப்புக்குப் போகலாம் என்று ஒரு பெரிய அட்டையில் +1 மாணவர்களே எழுதி, பத்தாம் வகுப்பு அறைகளில் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டம் பத்தாம் வகுப்புக்கு. அதுவும் மாலை ஆறு மணிக்குத்தான்.