அமெரிக்கப் பயணத்துக்கு முன் கொரோனா ஊசியின் மூன்றாவது தவணை: நாங்கள் முடிவெடுத்த விதம்

நியூ ஜெர்சியில் இருக்கும் எங்கள் மகளுக்கு 2022 ஜூன் 20-ஐ ஒட்டிப் பிரசவம் ஆகும் என்று நாள் குறித்திருந்தார்கள். தலைப்பிரசவம் என்பதால் நானும் என் கணவரும் ஜூன் 4 அதிகாலை சென்னையிலிருந்து புறப்படும் விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டோம். எனக்கு வயது 57. அவருக்கு 63, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சீட்டு எடுத்த நாளிலிருந்தே சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்ட முதல் கேள்வி, கொரோனா தடுப்பூசியின் மூன்றாவது தவணையான பூஸ்டர் போட்டுவிட்டீர்களா என்பதுதான். மூன்றாவது ஊசி இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள் என்று சிலர் உறுதியாகச் சொன்னார்கள். நாங்களும் ஒரு வாரம் அதை நம்பிக் கவலைப்பட்டோம்.

மகள்தான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் விதிகளை வரிவரியாகப் படித்துத் தெளிவுபடுத்தினாள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் விமானத்தில் அந்நாட்டுக்குள் நுழைய, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட தடுப்பூசியில் இரண்டு தவணைகள் முடிந்து பதினான்கு நாள்கள் ஆகியிருந்தால் போதும் என்பது அப்போதைய விதி. பூஸ்டரை அந்த விதி கேட்கவில்லை. நாங்கள் இருவரும் போட்டிருந்த கோவிஷீல்டு 2021 பிப்ரவரியிலேயே அந்த நிறுவனத்தின் அவசரகால அனுமதியைப் பெற்றுவிட்டது. குழப்பம் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கிறது என்று பிறகு புரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 பிப்ரவரி 1 முதல், பயணத்துக்கான தடுப்பூசிச் சான்று இரண்டாம் தவணையிலிருந்து 270 நாள்களுக்குத்தான் செல்லும் என்று ஆக்கியிருந்தார்கள். அங்கே போகிறவர்களின் அனுபவம் அப்படியே எங்களுக்கும் பொருந்தும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

சட்டம் கேட்கவில்லை என்று தெரிந்ததும் என் கணவர் நிம்மதியாகிவிட்டார். எனக்குத்தான் மனம் அடங்கவில்லை. விமானத்தில் ஏற்றுவார்களா என்பது ஒரு கேள்வி. அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி ஒருவரும், ஜனவரியில் மூன்றாவது அலையில் தொற்று வந்து மீண்ட நானும், இருபது மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து, பிறந்து சில நாளே ஆகப்போகும் ஒரு குழந்தையைக் கையில் வாங்கப் போகிறோமே, அதற்கு எங்கள் உடம்பு ஆயத்தமாக இருக்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியே கிடையாது. சுற்றி இருப்பவர்கள் கவனமாக இருப்பதுதான் அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு.

எங்கள் குடும்ப மருத்துவரிடம் இருவரின் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போனோம். பூஸ்டர் போட்டால் தொற்று வரவே வராது என்று தன்னால் சொல்ல முடியாது, ஒமைக்ரான் வகைக் கிருமி, தடுப்பூசி போட்டவர்களையும் தொற்றுகிறது, ஆனால் தொற்று கடுமையாகி மருத்துவமனைக்குப் போகும் நிலையை மூன்றாவது தவணை நன்றாகக் குறைக்கிறது, அதிலும் உங்கள் கணவரைப் போன்றவர்களுக்குத்தான் அதனால் கிடைக்கும் பயன் அதிகம் என்றார். என்னைப் பொறுத்தவரை, இரண்டு தவணைகளும் ஜனவரியில் வந்த தொற்றும் சேர்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும் என்பதால் அவசரம் இல்லை, விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்றார். தொற்றிலிருந்து மீண்டு மூன்று மாதம் கழித்துத்தான் போட வேண்டும் என்பது அப்போதைய அரசு விதி. அந்தக் கெடு எனக்கு ஏப்ரல் கடைசியிலேயே முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியை விரித்துக் கணக்குப் பார்த்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. முன்னெச்சரிக்கைத் தவணை என்று அரசு பெயரிட்டிருந்த இந்த ஊசியை, அப்போது இரண்டாம் தவணை முடிந்து ஒன்பது மாதம், அதாவது 39 வாரம் கழித்தே போட முடிந்தது. எனக்கு இரண்டாம் தவணை 2021 ஆகஸ்ட் 20-இல் முடிந்ததால் 2022 மே 20-இல் தகுதி வந்துவிடுகிறது. என் கணவரோ சர்க்கரை கட்டுக்குள் வரட்டும் என்று முதல் ஊசியையே தள்ளிப்போட்டு, தமிழ்நாடு முழுவதும் மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்த செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை அன்றுதான் இரண்டாவதைப் போட்டுக்கொண்டார். அவருக்கு 39 வாரம் முடிவது ஜூன் 12. விமானம் ஜூன் 4. எட்டு நாள் குறைகிறது. யாருக்கு இந்த ஊசி அதிகம் தேவையோ அவருக்கே கிடைக்காது என்ற நிலை எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

மே 12 அன்று வெளிநாடு செல்வோருக்கு ஒன்றிய அரசு ஒரு தளர்வை அறிவித்தது. ஒன்பது மாதம் காத்திருக்காமல், போகும் நாட்டின் வழிகாட்டுதலுக்கு ஏற்ப முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம் என்ற அறிவிப்பைப் படித்ததும் ஊசி போடும் இடத்துக்கு ஓடிப்போய் விசாரித்தோம். ஆனால் நாங்கள் போகும் நாடு பூஸ்டரைக் கட்டாயம் ஆக்கவில்லையே, எந்த அடிப்படையில் போடுவது என்று எங்களிடமே திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறு இல்லை. பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பது பற்றியும் பேசினோம். பிரசவம் முன்கூட்டியே ஆகிவிட்டால் மகள் தனியாக இருப்பாளே என்ற எண்ணத்தில் அதைக் கைவிட்டோம்.

அப்போது மகள் இன்னொரு வழியைச் சொன்னாள். அமெரிக்காவில் அப்போது பூஸ்டருக்கான இடைவெளி ஐந்து மாதம்தான், கோவிஷீல்டு போட்டவர்களுக்கும் அங்கே பைசர் அல்லது மாடர்னா பூஸ்டர் போட்டார்கள், கட்டணமும் இல்லை. இந்தியாவில் அந்தச் சமயத்தில், முதல் இரண்டு தவணைகள் எதுவோ அதையேதான் மூன்றாவதாகவும் போட வேண்டியிருந்தது. ஆஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு, அதாவது நம் கோவிஷீல்டுக்குப் பிறகு, பைசர் வகை ஊசியைப் போட்டால் எதிர்ப்பொருள் அதிகமாக உண்டாகிறது என்று பிரிட்டனில் நடந்த கோவ்-பூஸ்ட் ஆய்வு கண்டிருந்ததை மருத்துவரும் உறுதிப்படுத்தினார். ஆகவே இறங்கிய சில நாளில் அங்கேயே போட்டுக்கொள்வது, அதுவரை பயணம் முழுவதும் என்95 முகக்கவசத்தைக் கழற்றாமல் இருப்பது என்று என் கணவருடைய முடிவு தீர்ந்தது.

அப்படியானால் நானும் ஏன் அங்கேயே போட்டுக்கொள்ளக் கூடாது? இதில்தான் நான் அதிக நாள் யோசித்தேன். என் தேவை அவசரமானது அல்ல என்று மருத்துவரே சொல்லிவிட்டார். அங்கே கிடைப்பது அதிகப் பயன் தரும் ஊசி என்றும் தெரிகிறது. ஆனால் இரண்டாவது ஊசி போட்டபோது எனக்கு இரண்டு நாள் கடும் காய்ச்சல் அடித்துப் படுத்துவிட்டேன். மகளுக்குப் பிரசவ வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நேரத்தில் நானும் அவரும் ஒன்றாக ஊசி போட்டுக்கொண்டு, இருவரும் காய்ச்சலில் கிடந்தால், நாங்கள் போவதன் நோக்கமே கெட்டுவிடும். காய்ச்சல் வருவதானால் என் வீட்டில், என் கட்டிலில் வரட்டும் என்று முடிவு செய்தேன். ஆய்வுகளைவிட இந்த ஒரு காரணம்தான் என்னைத் தீர்மானிக்க வைத்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

இதற்கு முன் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டியிருந்தது. புதுக் குழந்தையைத் தொடுகிற தாத்தா பாட்டி கக்குவான் இருமலுக்கான டீடேப் ஊசியைக் குழந்தை பிறக்க இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்று மகளின் மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கும் கொரோனா ஊசிக்கும் இரண்டு வாரம் இடைவெளி விடச் சொன்னதால், இருவரும் மே 6-ஆம் தேதியே அதைப் போட்டுக்கொண்டோம்.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்கும் இந்தத் தொல்லை இருக்கும். என் ஆதாரில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தில் இனிஷியல்; ஆதாரைக் காட்டி ஊசி போட்டதால், அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தந்த சான்றிதழிலும் அப்படியே. பாஸ்போர்ட்டிலோ கணவரின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஓர் அயல்நாட்டு அலுவலருக்கு அவை இரண்டு பெண்களின் பெயர்களாகத்தான் தோன்றும். கோவின் தளத்தில் திருத்தம் கோரும் பகுதிக்குள் போய், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துப் பெயரை மாற்றி, பிறகு பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்தேன். திருத்த ஒரு முறைதான் வாய்ப்பு என்பதால், கணவரை உரக்கப் படிக்கச் சொல்லி, இரண்டு முறை ஒத்துப் பார்த்த பிறகே அனுப்பினேன். பூஸ்டர் போடும்போது முதல் இரண்டு ஊசிகளுக்குக் கொடுத்த அதே கைப்பேசி எண்ணைக் கொடுப்பதும் முக்கியமாக இருந்தது. எண் மாறினால் புதிதாக முதல் தவணை போட்டதாகப் பதிவாகிவிடும் வாய்ப்பு இருந்தது.

அப்போது பூஸ்டர், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு மையங்களில் இலவசமாக இருந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏப்ரல் 10 முதல் தனியார் மருத்துவமனைகளில் மட்டும், கட்டணத்துக்கு. மே 21 சனிக்கிழமை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 386 ரூபாய் 25 காசு கட்டினேன்: ஊசிக்கு 225, வரி, போடுவதற்கு 150. முப்பது நிமிடம் உட்காரவைத்து அனுப்பினார்கள். அன்றிரவு ஒன்பது மணிக்குக் குளிர் எடுத்தது. காய்ச்சல் வந்த பிறகு பாராசிட்டமால் போட்டால் போதும், முன்கூட்டியே வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபடி செய்தேன். மறுநாள் முழுவதும் ரசம் சாதமும் படுக்கையும்தான். திங்கட்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க மூன்று நாள் ஆயிற்று. மகளுக்காகப் பிரசவ லேகியம் கிண்ட எண்ணி, சுக்கும் திப்பிலியும் வறுத்து வைத்திருந்தேன். உருளியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கிண்ட முடியாமல் அடுப்பை அணைத்துவிட்டு, வலி நின்ற பிறகே கிண்டி முடித்தேன்.

இனி பயந்தது பரிசோதனைக்கு. அமெரிக்கா செல்லும் எவரும் புறப்படுவதற்கு முந்தைய ஒரு நாளுக்குள் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்ற முடிவு வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதும் நடப்பில் இருந்தது. ஊசி போட்டதாலேயே பரிசோதனையில் தொற்று என்று வந்துவிடும் என்று ஒருவர் என்னைப் பயமுறுத்தியிருந்தார், அப்படி வராது. உண்மையான தொற்று வந்துவிடாமல் இருக்கத்தான், வைகாசி முகூர்த்தத்தில் நெருங்கிய உறவில் வந்த இரண்டு திருமணங்களுக்கும் போகாமல் இருந்தோம். ஜூன் 2 இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் காலை சென்னையில் இறங்கிய கையோடு ஆர்டி-பிசிஆர் கொடுத்து, மாலையில் இருவருக்கும் தொற்று இல்லை என்று வந்த பிறகுதான் சாப்பிட முடிந்தது. அந்தப் பரிசோதனை விதியையே அமெரிக்கா ஜூன் 12 முதல் நீக்கிவிட்டது. என் கணவருக்கு 39 வாரம் முடிந்ததும் அதே நாள்.

விமான நிலையத்தில் பரிசோதனை முடிவையும், இரண்டு தவணைகளையும், பாஸ்போர்ட்டோடு பெயர் ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்தார்கள். மூன்றாவது ஊசியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அமெரிக்க விமானங்களில் முகக்கவசக் கட்டாயம் ஏப்ரல் 18-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் போய்விட்டிருந்ததால், அங்கே இறங்கியபோது பெரும்பாலோர் முகத்தில் கவசம் இல்லை. என் கணவர் மகள் வீடு போய்ச் சேரும்வரை, சாப்பிடும் நேரம் தவிர, கழற்றவே இல்லை.

ஜூன் 7 அன்று நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு மருந்துக் கடையில் அவருக்குப் பைசர் போட்டார்கள். கோவின் சான்றிதழை வாங்கி ஊசியின் பெயரையும் கடைசித் தேதியையும் குறித்துக்கொண்டு, ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டு, பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை; ஒரு நாள் அசதி மட்டும். பேத்தி ஜூன் 21-இல் பிறந்தாள். அன்றைக்கு அவர் ஊசி போட்டுச் சரியாகப் பதினான்கு நாள்.

அவருடைய மூன்றாவது ஊசி எங்கள் கோவின் சான்றிதழில் ஏறவில்லை. மருந்துக் கடையில் எழுதிக் கொடுத்த வெள்ளை அட்டையை, இந்தியச் சான்றிதழின் அச்சுப் பிரதியோடு சேர்த்து, அவருடைய பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன்.