கும்பகோணத்தில் காபிச் செடி இல்லை

எங்கள் வீட்டில் காபி என்றால் அது கும்பகோணம்தான். மாமியார் பிறந்து வளர்ந்த ஊர் அது. எண்பத்து நான்கு வயதிலும் காலை ஐந்து மணிக்கு டவராவில் ஆற்றி, நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும் அவருக்கு. தண்ணீர் கலக்காத பசும்பால், முதல் டிகாக்‌ஷன், இரண்டும் சேர்ந்தால்தான் டிகிரி காபி என்பார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்துப் பால் வாங்கியதால் வந்த பெயர் என்பது அவருடைய விளக்கம். பெயர்க் காரணம் வேறு விதமாகவும் சொல்கிறார்கள். வீட்டில் அதை எடுத்துப் பேச எனக்குத் துணிவில்லை.

போன வருடம் மேற்கு மாம்பலத்தில் வாடிக்கையாகப் பொடி வாங்கும் கடையில், வறுப்பதற்காகப் பிரித்து வைத்திருந்த சாக்கைக் காட்டி, "இது எந்த ஊர்க் கொட்டை?" என்று கேட்டேன். "தாண்டிக்குடி அம்மா. கீழ்ப்பழனி மலை" என்றார் கடைக்காரர்.

அன்றுதான் உறைத்தது. கும்பகோணத்தில் காபிச் செடி ஏது? அது நெல்லும் வெற்றிலையும் விளையும் மண். அரபிகா வகைக் காபிக்குக் குளிர்ந்த மலையும் மரநிழலும் வேண்டும். சூஃபி ஞானி பாபா புதன் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்த கதை எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்து மலைகளில் விளைவதைத்தான் யாரும் சொல்வதில்லை. பால் கறந்த ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கொட்டை காய்த்த ஊர் சாக்கின் மேல் மங்கலான எழுத்தாக நின்றுவிட்டது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

ஜனவரியில் கிளம்பிவிட்டேன். வத்தலக்குண்டில் பஸ் மாறி, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் தாண்டி மலை ஏற வேண்டும். பழனியிலிருந்து முருகன் தாண்டிக் குதித்த இடம் என்பதால் தாண்டிக்குடி என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இந்த ஊரில் இருக்கிறது.

தோட்டம் என்றதும் தேயிலைபோல வெட்டவெளியை எதிர்பார்த்துப் போனேன். உள்ளே நுழைந்தால் காடு. மேலே பலாவும் சில்வர் ஓக் மரமும், மரங்களில் சுற்றி ஏறும் மிளகுக் கொடி, இடையிடையே ஆரஞ்சு, அதற்கும் கீழே தோளுயரத்தில் காபி. நடுவில் வாழை. "இது விருப்பாச்சி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது" என்றார் தோட்டக்காரர். கோயில் பிரசாதமும் எங்கள் வீட்டுக் காலை டம்ளரும் ஒரே நிழலில் வளர்கின்றன! சிறிது நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

சிவந்த பழத்தைப் பிதுக்கிக் கையில் கொடுத்தார்கள். மேல்தோல் இனிக்கிறது, காபியின் சாயலே இல்லை. உள்ளே வழவழப்பாக இரண்டு கொட்டைகள், தட்டைப் பக்கம் தட்டைப் பக்கத்தைப் பார்த்தபடி. சில பழங்களில் ஒன்றுதான் இருக்கும். அடுத்தது இல்லாததால் உருண்டையாகத் திரண்டுவிடும். முப்பது வருடமாக "பீபெரி கால் கிலோ" என்று கேட்டு வாங்கியது இந்த ஒற்றைக் கொட்டையைத்தான். தோல் நீக்கி, தொட்டியில் புளிக்க வைத்து, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைக்கிறார்கள். அந்தத் தொட்டியின் புளித்த வாடையை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. கடையில் மணக்கிற மணம் எல்லாம் வறுத்த பிறகு வருவது.

வாங்கி வந்த கொட்டையை அதே கடையில் வறுத்து, சிக்கரி சேர்க்காமல் அரைத்துத் தரச் சொன்னேன். முதல் நாள் டிகாக்‌ஷன் கடகடவென்று இறங்கிவிட்டது. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "நீர்த்திருக்கிறதே" என்றார். தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்லச் சொட்டவிடுவதும், கருமையும் கெட்டியும் தருவதும் சிக்கரியின் வேலை. மறுநாள் பொடியை இன்னும் நைசாக அரைத்து வாங்கி, ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு அழுத்திவிட்டு, இரவே வெந்நீர் ஊற்றி வைத்தேன். காலையில் நன்றாக இறங்கியிருந்தது. கசப்பு மென்மையாக இருந்தது. அடியில் லேசான புளிப்பு, குடித்து முடித்த பிறகும் நாக்கில் நின்ற ஓர் இனிப்பு. சிக்கரி மூடி வைத்திருந்தது இதைத்தான். மாமியார் எதுவும் சொல்லவில்லை, டவராவைக் கவிழ்த்து மிச்சத்தையும் டம்ளரில் ஊற்றிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் வாரம் தவறாமல் போய்வரும் பாண்டி பஜாரின் முழுப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார், நான் பஸ்ஸில் கடந்துபோன அதே பட்டிவீரன்பட்டிக்காரர். தியாகராய நகரில் இத்தனை வருடம் நடந்திருக்கிறேன், அந்த ஊர் என் காலடியிலும் இருந்திருக்கிறது.

காபி பூத்துப் பார்க்கவில்லை. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் பத்து நாளுக்குள் மலை முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைபோல மணந்து, சில நாளில் உதிர்ந்துவிடுமாம். மழை பெய்த அன்றே தொலைபேசியில் சொல்வதாகத் தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். மாமியாரும் வருகிறேன் என்கிறார்.